மூலமும் நம்பிக்கையும்: திறந்த மூல மென்பொருள் வரலாற்றில் ஓர் ஆய்வு

ஒரு நூலின் மூலம் கையில் இருக்குமாயின் அந்நூலைப் பற்றிய ஐயம் யாவும் தீர்ந்துவிடும் என எண்ணுதல் மக்கள் இயல்பு. உரைகாரர் பிறழ உரைக்கலாம். ஏடெழுதுவோர் பிறழ எழுதலாம். மூலம் மட்டும் பொய்யாது என்பது கற்றோரிடத்தும் காணப்படும் ஒரு நம்பிக்கை. இந்நம்பிக்கை இக்காலத்திலே கணினித்துறையிலும் வேரூன்றியிருக்கின்றது. “மூலத்தைப் பெற்று நானே தொகுத்து நிறுவினேன், ஆதலின் இஃது ஐயத்துக்கு அப்பாற்பட்டது” என்பார் ஒருசாரார். “ஒரு வரிக் கட்டளையாலே கைகூடும் காரியத்துக்கு இத்துணைப் பாடுபடுவானேன்?” என்பார் மற்றொரு சாரார். முன்னவர் நம்பிக்கையை நாடி வசதியைக் கைவிடுகின்றார். பின்னவர் வசதியை நாடி நம்பிக்கையைப் பற்றிக் கேளாதிருக்கின்றார். இவ்விரு கூற்றினுள்ளும் உண்மை எவ்வளவு உண்டு என்பதனை வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலமும் தொகுப்பும்

கணினி செய்யவேண்டிய தொழில்களை ஒழுங்குபெற எழுதிவைத்த ஏவற்றொடரே செய்நிரல் எனப்படும். மனிதர் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க மொழியிலே எழுதப்பட்ட செய்நிரலை மூலம் என்கின்றோம். கணினியோ அம்மொழியை நேரே அறியாது. அதற்கு விளங்குவது சுழியமும் ஒன்றுமாய் அமைந்த இயந்திர மொழியே. மூலத்தை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவதும் ஒரு செய்நிரலே. அதற்குத் தொகுப்பான் என்று பெயர். மூலம் இருப்பின் இச்செய்நிரல் யாது செய்யும் என அறிவுடையோர் படித்தறியலாம். பிழை கண்டவிடத்துத் திருத்தலாம். இயந்திர மொழி வடிவம் மாத்திரம் இருப்பின், அதனை ஏவலாமேயன்றி எளிதிற் படித்தல் இயலாது. சமைத்த உணவை உண்பவன் அதிலே இட்ட பொருள்களை நாவினாலே ஓரளவு ஊகிக்கலாம். இங்கே அவ்வளவுதானும் அரிது.

மூலத்தை யாவரும் படிக்கவும், படியெடுக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை அளிக்கப்பட்டதே திறந்த மூல மென்பொருளாகும். கட்டற்ற மென்பொருள் என்ற பெயரும் இதற்கு உண்டு. இரு பெயரையும் வழங்குவோரிடையே கொள்கை வேறுபாடு உண்டெனினும் ஈண்டு அவ்வேறுபாடு வேண்டற்பாலதன்று.

மூலம் மறைந்ததும் மீண்டதும்

கணினியின் தொடக்க காலத்திலே மூலத்தை மறைக்கும் வழக்கம் இருந்ததில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளைப் பயன்படுத்தியோர் 1955ஆம் ஆண்டிலே ஒரு சங்கமாய்க் கூடித் தாம் எழுதிய செய்நிரல்களை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கினர். கணினிப் பொறியே விலைப்பொருள். செய்நிரல் அதனோடு சேர்ந்து வருவது என்பதே அக்காலத்துக் கருத்து. 1969ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் மென்பொருளுக்குத் தனியே விலை குறிக்கப் போவதாக அறிவித்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. விலைப்பொருளான பின்னர் மூலம் பூட்டி வைக்கப்படும் செல்வமாயிற்று.

இம்மாற்றத்தை ஏற்க மறுத்தவர்களுள் தலையாயவர் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த றிச்சாட் ஸ்ரோல்மன் ஆவார். அவர் 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை ஒத்ததும், மூலம் யாவர்க்கும் உரியதுமான ஒரு முறைமையை முழுமையாக ஆக்குவதே அத்திட்டத்தின் குறிக்கோள். 1985 இலே கட்டற்ற மென்பொருள் நிறுவனமும், 1989 இலே குனூ பொது உரிமமும் தோன்றின. 1991 இலே பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். குனூவின் கருவிகளும் லினக்ஸ் கருவும் இணைந்து ஒரு முழுமை பெற்றன. திறந்த மூலம் என்ற பெயர் 1998ஆம் ஆண்டிலே வழங்கலாயிற்று.

வசதியின் வரவு

அக்காலத்திலே ஒரு செய்நிரலை நிறுவுதல் என்பது பெரும்பாலும் மூலத்தினின்று நிறுவுதலேயாம். அது மூன்று படிகளை உடையது. முதற்படியிலே, கணினியில் எவ்வெக் கருவிகள் உள என்பதனை ஓர் ஆயத்தக் கட்டளைநிரல் சோதித்தறியும். இரண்டாம் படியிலே தொகுப்பான் மூலத்தை இயந்திர மொழிக்கு மாற்றும். மூன்றாம் படியிலே, விளைந்த கோப்புகள் முறைமையின் உரிய இடங்களிலே வைக்கப்படும். சொல்லளவில் இஃது எளிது. செயலிலோ, ஒரு செய்நிரல் வேறு ஐந்தினை வேண்டும். அவ்வைந்தும் தனித்தனியே வேறு சிலவற்றை வேண்டும். தோணி கட்டப் புகுந்தவன் பலகைக்கு மரமும், மரத்துக்குக் கோடரியும், கோடரிக்கு உலைக்களமும் தேடி அலைந்தாற் போல, ஒரு நாட்காரியம் ஒரு வாரத்தை விழுங்கியதும் உண்டு.

இவ்விடர்ப்பாட்டை நீக்கப் பிறந்தனவே வழங்கல்கள். 1993ஆம் ஆண்டிலே இயன் மேடொக் தொடங்கிய டெபியன் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. தன்னார்வத் தொண்டர்கள் மூலங்களைப் பெற்று, தொகுத்து, பொதிகளாக்கி, ஒன்றுக்கொன்று இயையுமாறு ஒழுங்குசெய்து வைத்தனர். பயன்படுத்துவோர் பெயரைச் சொன்னால் போதும். வேண்டிய பொதியும் அதன் துணைப்பொதிகளும் தாமே வந்து அமர்ந்தன. 2007 இலே வெளிவந்த டெபியன் நான்காம் பதிப்பு முதலாக, வரும் பொதி உரியோரிடமிருந்தே வந்ததா என்பதனை மின்கையொப்பத்தைக் கொண்டு கணினியே சோதிக்கும் ஏற்பாடும் இயல்பாயிற்று.

வசதி வந்தபோது நம்பிக்கை அழிந்துவிடவில்லை, இடம் மாறியது. முன்னர் மூலத்தை எழுதியவரை மாத்திரம் நம்பியவன், இப்போது பொதி கட்டியவரையும் நம்பவேண்டியவனானான். இம்மாற்றம் நன்றோ தீதோ என்பதே வினா. விடை காண்பதற்கு முன், முன்னைய நிலைதானும் எத்துணை உறுதியுடையது என்பதனை ஆராய்தல் வேண்டும்.

தொம்சனின் எச்சரிக்கை

யுனிக்ஸ் முறைமையை ஆக்கியவர்களுள் ஒருவரான கென் தொம்சன், கணினித்துறையின் மிகவுயர்ந்த பரிசாகிய தூறிங் பரிசைப் பெற்றபோது நிகழ்த்திய உரை 1984ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே அச்சாகியது. சில பக்கங்களே கொண்ட அவ்வுரை, மூலத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைத்தது.

அவர் காட்டிய வழி இதுவாகும். ஒரு கணினியினுள்ளே புகுவோரின் கடவுச்சொல்லைச் சோதிக்கும் செய்நிரல் ஒன்று உண்டு. அதன் மூலத்திலே கள்ளத்தைப் புகுத்தினால், படிப்போர் கண்டுகொள்வர். ஆதலின் மூலத்தைத் தொடாது தொகுப்பானிலே கள்ளத்தை வைத்தல் கூடும். தான் தொகுப்பது அச்செய்நிரல்தான் எனத் தொகுப்பான் அறிந்தால், மறைவான ஒரு கடவுச்சொல்லையும் ஏற்கும்படி அதனை ஆக்கிவிடும். இனித் தொகுப்பானின் மூலத்தைப் படிப்போர் இக்கள்ளத்தைக் காண்பரே எனின், அதற்கும் ஒரு வழி உண்டு. தொகுப்பானும் ஒரு செய்நிரலாதலின் அதனைத் தொகுப்பதற்கும் ஒரு தொகுப்பான் வேண்டும். தான் தொகுப்பது ஒரு தொகுப்பானையே என அறிந்தவிடத்து, மேற்கூறிய இரு கள்ளங்களையும் அதனுட் புகுத்துமாறு செய்துவிட்டால், பின்னர் மூலத்தினின்று கள்ளத்தை நீக்கிவிடலாம். மூலம் தூயது, அதனினின்று விளையும் செய்நிரலோ நஞ்சுடையது. தலைமுறை தலைமுறையாக அந்நஞ்சு தொடரும். மூலத்தை எத்தனை முறை படித்தாலும் அது புலப்படாது.

பழந்தமிழர் கோட்டையினின்று மறைவாய்ப் போக்குவரவு செய்தற்கு அமைத்த நிலக்கீழ் வழியைச் சுருங்கை என்றனர். தொம்சன் காட்டியதும் அத்தகைய சுருங்கையே. கோட்டையின் வரைபடத்திலே அது காணப்படாது. கட்டிய கொத்தனின் கையிலே இருக்கும். முற்றும் தாமே ஆக்காத ஒன்றை முற்றும் நம்புதல் இயலாது என்பது அவ்வுரையின் சாரம். முற்றும் தாமே ஆக்குதல் எவர்க்கும் இயலாததொன்றாதலின், “நானே தொகுத்தேன்” என்னும் பெருமிதத்துக்கு எல்லை உண்டென்பது தெளிவாகின்றது.

நிகழ்ந்த கேடுகள்

தொம்சன் கூறியது அறிவுப் பயிற்சிக்குரிய ஒரு கற்பனை எனச் சிலர் எண்ணலாம். வரலாறு அவ்வாறு எண்ண இடந்தரவில்லை. நான்கு நிகழ்ச்சிகளை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

முதலாவது, 2002ஆம் ஆண்டு நிகழ்ந்தது. தொலைவிலுள்ள கணினிகளோடு மறைகுறி வழியாகத் தொடர்புகொள்ள உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் என்னும் செய்நிரலின் மூலப்பொதி, யூலை மாத இறுதியிலே அதன் தலைமைக் களஞ்சியத்திலேயே மாற்றிவைக்கப்பட்டது. மாற்றியவர் செய்நிரலின் தொழிலைத் தொடவில்லை. தொகுக்கும் வேளையிலே வெளியிலுள்ள ஒரு கணினியோடு தொடர்புகொண்டு அதன் ஏவலைக் கேட்கும் ஒரு சிறு பகுதியைச் சேர்த்திருந்தார். இக்கேட்டிற்கு ஆளாக இருந்தவர் யாவர் எனின், மூலத்தினின்று தொகுத்தவர்களே! பாதுகாப்புக்கென மூலத்தை நாடியவரை மூலத்தொகுப்பே காட்டிக்கொடுக்க இருந்தது. எனினும் ஓரிரு நாளிலேயே கள்ளம் வெளிப்பட்டது. முன்னர்க் குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணும் வந்த பொதியின் எண்ணும் ஒவ்வாமையைப் பிறிதொரு முறைமையைச் சார்ந்தோர் கண்டனர். ஓகத்து முதலாந் தேதி தூய மூலம் மீண்டும் வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அஞ்சற் செய்நிரலாகிய சென்ட்மெயிலின் மூலப்பொதியும் இவ்வாறே கெடுக்கப்பட்டது.

இரண்டாவது, 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து நிகழ்ச்சி. லினக்ஸ் கருவின் மூலம் ஓரிடத்திலே பேணப்பட்டு, அதன் படியொன்று பிறர் வசதிக்கென வேறோரிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அப்படியிலே எவரோ இரு வரிகளைச் சேர்த்தனர். சமமா எனச் சோதிக்கும் இடத்திலே இரு சமக்குறிகள் இடவேண்டும். அங்கு ஒரு குறியே இடப்பட்டிருந்தது. பார்ப்போர்க்கு அது கைப்பிழை போலத் தோன்றும். அதன் பயனோ, பொதுப் பயனாளர் ஒருவர் முறைமையின் முழு அதிகாரத்தையும் பெறுதலாகும். தலைமைப் படியிலே அம்மாற்றம் இன்மையால் இரு படிகளையும் ஒப்பிட்டபோது அது பிடிபட்டது.

மூன்றாவது நிகழ்ச்சியிலே தீயோர் எவரும் இலர். டெபியனுக்குப் பொதி கட்டும் ஒருவர், 2006 இலே ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மறைகுறிச் செய்நிரலின் மூலத்திலே, தேவையற்றன எனக் கருதிச் சில வரிகளை நீக்கினார். அதன் விளைவாக, எண்ணிறந்த வகையில் அமையவேண்டிய மறைதிறவுகள் ஒவ்வொரு வகையிலும் 32,767 அளவினவாய்ச் சுருங்கிவிட்டன. 2008ஆம் ஆண்டு மே மாதத்திலேயே இக்குறை வெளிப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், வசதியான பொதியை நம்பியோர் வீட்டுக்குப் பூட்டிட்டும் திறவுகோலை வாசலில் வைத்தவராயினர். மூல ஆசிரியரிடமிருந்தே மூலத்தைப் பெற்றுத் தொகுத்தோர்க்கு இக்கேடு இல்லை. மூலத்தை நாடுவோர் பக்கத்து நியாயத்துக்கு இஃது ஒரு வலிய சான்றாகும்.

நான்காவது, அண்மைக் காலத்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு கருவியை ஒருவரே நெடுங்காலம் தன்னார்வமாகப் பேணிவந்தார். யியா ரான் என்ற பெயருடன் ஒருவர் 2021 அளவிலே வந்து, பயனுள்ள திருத்தங்களை அளித்து, ஈராண்டுக்கு மேலாக உழைத்து, வெளியிடும் உரிமையையும் பெற்றார். 2024ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த இரு பதிப்புகளிலே, தொலைக்கணினியினுள் மறைவாய்ப் புகுதற்கேற்ற சுருங்கை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. யாவரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்திலே அதன் உறுப்புகள் சோதனைக் கோப்புகள் போல மறைந்து கிடந்தன. அவற்றை உயிர்ப்பிக்கும் தொடக்க வரிகளோ வெளியீட்டுப் பொதியில் மாத்திரமே இருந்தன. களஞ்சியத்தைப் படித்தோர் பொதியைக் கண்டிலர். பொதியைத் தொகுத்தோர் அதனைப் படித்திலர்.

இதனைக் கண்டுபிடித்தவர் அன்றிறஸ் புறொயின்ட் என்னும் செய்நிரலர். தம் கணினியிலே புகுபதிவு அரை விநாடி தாமதித்தல் கண்டு, அதன் காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29ஆந் தேதி உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான கணினிகளைச் சென்றடையுமுன்னரே கேடு தடுக்கப்பட்டது. மூலம் திறந்திருந்தமையாலேயே அயலவர் ஒருவர் உள்ளே வர முடிந்தது. மூலம் திறந்திருந்தமையாலேயே மற்றோர் அயலவர் அவரைப் பிடிக்கவும் முடிந்தது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை.

பாடபேதமும் ஒப்புநோக்கும்

இந்நான்கையும் ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முதலிரு கள்ளங்களும் வெளிப்பட்டது எவரோ ஒருவர் மூலம் முழுவதையும் படித்தமையால் அன்று. ஒன்றுக்கொன்று சாராத இரு படிகளை ஒப்புநோக்கியமையாலேயே அவை வெளிப்பட்டன. நான்காவதிலும், முன்பு இருந்த வேகத்தையும் இப்போதுள்ள வேகத்தையும் ஒருவர் ஒப்பிட்டதே தொடக்கமாயிற்று.

இந்நெறி தமிழர்க்குப் புதியதன்று. ஏட்டிலே எழுதுங்காலத்துப் புள்ளியிடாது எழுதுவர். ஓலை கிழியும் என்பது காரணம். ஆதலின் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கும். எகர ஏகாரக் குறில் நெடில் மயங்கும். காலும் ரகரமும் மயங்கும். ஒரு புள்ளியால் ஒரு பாட்டின் பொருளே மாறும். லினக்ஸ் கருவிலே ஒரு சமக்குறி செய்த வேலையை ஏட்டிலே ஒரு புள்ளி செய்தது எனலாம். ஏடு பெயர்த்தெழுதியவர் வேண்டுமென்றே சேர்த்த இடைச்செருகல்களும் உண்டு.

இந்நிலையிலே யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887 இலே சீவகசிந்தாமணியையும், 1892 இலே சிலப்பதிகாரத்தையும் வெளியிட்டார்கள். அவர்கள் ஓர் ஏட்டை மூலம் எனக் கொண்டு அமைந்தாரல்லர். ஊரூராய்ச் சென்று வெவ்வேறு இல்லங்களிலும் மடங்களிலும் இருந்த ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்தார்கள். ஓர் ஏடு பிழைபடலாம். தொடர்பற்ற பல ஏடுகள் ஒரேயிடத்தில் ஒரே பிழையை உடையனவாதல் அரிது என்பதே அம்முறையின் அடிப்படை. எமது மட்டக்களப்பு நாட்டிலும், கண்ணகியம்மன் கோயில்கள்தோறும் வைகாசிச் சடங்கிலே படிக்கப்பட்டு ஏட்டிலே வாழ்ந்துவந்த கண்ணகி வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968 இலே பதிப்பித்து அச்சேற்றினார்கள்.

கணினி அறிஞரும் இந்நெறியையே மேற்கொண்டனர். தொம்சன் காட்டிய சுருங்கையைக் கண்டறிதற்கு டேவிட் வீலர் என்பார் 2005 இலே ஒரு முறையை விளக்கினார். ஐயத்துக்குரிய தொகுப்பானின் மூலத்தை, அதனோடு தொடர்பற்ற வேறொரு தொகுப்பானால் தொகுத்து, அவ்வாறு விளைந்ததைக் கொண்டு மீண்டும் தொகுத்து, இறுதி விளைவுகளை ஒப்பிடுதலே அம்முறை. மூலத்துக்கு மாறான கள்ளம் இருப்பின் விளைவுகள் வேறுபடும். 2013ஆம் ஆண்டு தொடங்கி டெபியன் தொண்டர்கள், ஒரு மூலத்தை எவர் எங்கே தொகுத்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒத்த விளைவே வரவேண்டும் என்னும் ஏற்பாட்டைச் செய்துவருகின்றனர். அங்ஙனமாயின் பொதி கட்டியவரை வாளா நம்பவேண்டியதில்லை. வெவ்வேறிடத்துள்ள பலர் தொகுத்துப் பார்த்து, ஒத்துளது என்று சான்று பகரலாம். 2023 இலே குவிக்ஸ் என்னும் வழங்கலைச் சார்ந்தோர், 357 பைற்று அளவேயான ஒரு சிறு வித்திலிருந்து தொடங்கிப் படிப்படியாய்த் தொகுப்பானை ஆக்கிக்காட்டினர். அவ்வளவு சிறிய வித்தை ஒருவர் தம் கண்ணாலேயே படித்துவிடலாம்.

ஈழநாட்டு அனுபவம்

இவையெல்லாம் மேலைநாட்டார் காரியம் எனக் கருதுதல் தகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை இந்நாட்டின் கரையோரத்தைத் தாக்கியது. முப்பதினாயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு புறம் கடலும் ஒரு புறம் வாவியுமாக அமைந்த வாகரைப் பகுதிக் கிராமங்களின் துயரைப் பனிச்சங்கேணி போன்ற ஊர்களில் வாழ்வார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. காணாமற் போனோர் யாவர், எம்முகாமிலே எவர் உளர், எவ்வுதவி எங்கே வேண்டும், எந்நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது என்பன அறியப்படாது இடருற்ற வேளையது.

அவ்வேளையிலே இலங்கைக் கணினி வல்லுநர் பலர், லங்கா மென்பொருள் நிறுவனத்தின் சார்பிலே தன்னார்வமாகக் கூடி, சில வாரங்களுக்குள்ளே சகானா என்னும் செய்நிரலை ஆக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற் போனோர் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி வேண்டுகோட் பதிவேடு என்பன அதன் உறுப்புகள். ஏற்கெனவே இருந்த திறந்த மூலக் கருவிகளின் மேலே அது கட்டப்பட்டது. அதுவும் திறந்த மூலமாகவே வெளியிடப்பட்டது. 2005ஆம் ஆண்டிலே பிறநாடுகளுக்கும் ஏற்பப் புதுக்கப்பட்டது. அவ்வாண்டிலே பாகிஸ்தானில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியிலும், 2006 இலே பிலிப்பைன்சில் நிகழ்ந்த மண்சரிவிலும், 2010 இலே ஹெயிற்றியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் நிறுவனம் சமூகப் பயனுக்காக வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

இங்கே வசதி என்பது சோம்பலின் மறுபெயர் அன்று. பிள்ளையைத் தேடும் தாய்க்கு ஒரு நாளிலே விடை கிடைப்பதும் ஒரு மாதத்திலே கிடைப்பதும் ஒன்றல்ல. மூலத்தை வரிவரியாய்ப் படித்து முடித்த பின்னரே நிறுவுவேம் என்று இருத்தல் அவ்வேளைக்குப் பொருந்தாது. ஆயினும் நம்பிக்கையும் ஆங்கே சிறிய பொருளன்று. பெற்றோரை இழந்த சிறாரின் பெயர், வயது, இருப்பிடம் ஆகியன அப்பதிவேட்டிலே ஏறுகின்றன. அவை தகாதார் கையிற் சேருமாயின் விளையும் தீங்கு ஆழியின் தீங்கினும் குறைந்ததன்று. மூலம் திறந்திருந்தமையால், இதனை ஏற்ற நாடுகள் விரும்பியவிடத்துச் சோதிக்கவும் தம் நாட்டு நிலைக்கேற்பத் திருத்தவும் முடிந்தது. எல்லாரும் படிக்கவேண்டும் என்பதன்று. எவரும் படிக்கக் கூடும் என்பதே அங்கு மக்களுக்குக் காப்பாயிற்று.

நம் பாடசாலைகளின் கடமை

இனி, இவ்வாராய்ச்சியால் ஆசிரியரும் மாணவரும் பெறும் பயன் யாது என்பதனை நோக்குவாம். நம் கணினிக்கூடங்களிலே மென்பொருள் வந்து சேரும் வழிகள் மூன்று. இணையப் பக்கமொன்றிற் கண்ட ஒரு வரிக் கட்டளையை முழு அதிகாரத்தோடு இயக்குதல் முதலாவது. ஆசிரியரின் மூலத்தைப் பெற்றுத் தொகுத்தல் இரண்டாவது. வழங்கலின் களஞ்சியத்தினின்று கையொப்பமிட்ட பொதியைப் பெறுதல் மூன்றாவது. கைக்குக் கை மாறும் பென்டிரைவ் முதலாவதன் இனத்தையே சாரும்.

முதலாவது வழியிலே வசதி மிகுதி; நம்பிக்கைக்கு அடிப்படையோ சிறிதும் இல்லை. இன்று ஒருவர்க்கு வந்த கோப்பும் நாளை மற்றொருவர்க்கு வரும் கோப்பும் ஒன்றெனச் சொல்வாரிலர், ஒப்புநோக்குதற்குப் படியுமில்லை. இரண்டாவதிலே மூலம் கைக்கு வருகின்றது. ஆயின் கையொப்பத்தைச் சோதியாது, ஆயத்தக் கட்டளைநிரலை அப்படியே இயக்குவோன், மூலம் என்ற பெயருக்காக வசதியை இழந்தானேயன்றி நம்பிக்கையைச் சம்பாதித்தானல்லன். 2002ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இதற்குச் சான்று. மூன்றாவதிலே வசதியும் உண்டு. பலர் பார்வையும் உண்டு. அதுவும் தவறும் என்பதற்கு 2008 சான்று. எனினும் தவறு வெளிப்பட்டவுடன் திருத்தம் யாவர்க்கும் சென்றடைதற்கு ஓர் ஒழுங்கான வழி ஆங்கே உண்டு. தானே தொகுத்து வைத்துவிட்டு மறந்துபோனவனுக்கு அத்திருத்தத்தை எவர் கொண்டுவந்து கொடுப்பர்?

ஆதலின் அன்றாடப் பயன்பாட்டுக்கு மூன்றாவது வழியே பாடசாலைகளுக்கு ஏற்றது என்பது எமது முடிபு. ஆயினும் கல்வி என்பது பயன்பாட்டோடு முடிவதன்று. உயர்தர வகுப்பு மாணவன் ஒவ்வொருவனும் ஒரு முறையேனும் ஒரு சிறு செய்நிரலின் மூலத்தைப் பெற்று, அதன் சரிபார்ப்பு எண்ணையும் கையொப்பத்தையும் சோதித்து, சில பக்கங்களையேனும் படித்து, தானே தொகுத்து நிறுவிப் பார்த்தல் வேண்டும். உண்ணும் சோறு வயலிலே விளைவது என்பதனை அறிதற்பொருட்டு ஒரு நாள் வயலிலே இறங்குவது போன்றது அது. ஒரு நாள் இறங்கியவன் நாள்தோறும் உழவேண்டியதில்லை. ஆனால் உழவனை மதிக்கக் கற்றுக்கொள்வான்.

அம்மதிப்பும் வேண்டற்பாலதே. எக்ஸ்-இசட் கருவியைத் தனியொருவர் சுமந்தபோது, அதனாற் பயன்பெற்ற பெருநிறுவனங்கள் அவர்க்குத் தோள்கொடுத்திலர். தோள்கொடுக்க வந்தவர் கள்ளராயினார். காவலின்றிக் கிடந்த மதகின் வழியே வெள்ளம் புகுந்தால் வெள்ளத்தை மாத்திரம் பழித்துப் பயனில்லை. குளத்து நீரைக் கொள்வோர் யாவரும் குளக்கட்டைப் பேணும் கடமையும் உடையர் என்பது நம் முன்னோர் கண்ட வழக்கு. பிழை கண்டால் அறிவித்தலும், தமிழாக்கத்துக்கு உதவுதலும், பிறர் தொகுத்ததைத் தாமும் தொகுத்து ஒப்பிட்டுச் சான்று பகர்தலும் நம் மாணவர்க்கு இயலாத காரியங்கள் அல்ல.

சுருங்கக் கூறின், வசதியும் நம்பிக்கையும் ஒன்றையொன்று ஒழிக்கும் பகைகள் அல்ல. சோதிக்க இடங்கொடாத வசதியே அஞ்சத்தக்கது. சோதித்து அறியாத நம்பிக்கையும் அதனோடு ஒக்கும். மூலம் திறந்திருத்தல் நம்பிக்கைக்கு வாயிலாகுமேயன்றி அதுவே நம்பிக்கையாகிவிடாது. அவ்வாயிலிற் புகுந்து ஒப்புநோக்குவார் இருக்கும் வரையிலேயே அது பயன்தரும். ஏடு தேடி ஊரூராய் நடந்த பதிப்பாசிரியர்களும், அரை விநாடித் தாமதத்தின் காரணம் காணாது அமையாத செய்நிரலரும் செய்த தொண்டு ஒன்றே. அத்தொண்டுக்கு உரியவர்களை ஆக்குதல் கல்லூரிகளின் பணிகளுள் ஒன்றாகும்.